கழுவக் கூடாத குப்பி

போன வாரம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள். புதிதாக ஓர் இயந்திரம் வருகிறதாம். தண்ணீரைத் தானே உறிஞ்சி, தானே அளந்து, தானே எண்ணைத் துப்பிவிடுமாம். அதற்கு இடம் பண்ணக் கிடங்கைக் காலி செய்தபோது, ஒரு மரப்பெட்டி நிறையப் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் அகப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குப்பியின் வயிற்றிலும் சிவப்புப் பெயின்டில், கோணல்மாணலாக, 'பா லவே' என்று எழுதியிருக்கிறது. கிரியோலில் அதற்குக் 'கழுவாதே' என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்துக் குப்பியில் கழுவாதே என்று எழுதி வைத்த அழுக்கு மனுஷன் யார் மதாம் என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண் பயந்துபோய், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றாள். அவளுக்குக் கதையைக் கிரியோலில் சொல்லி முடித்தாயிற்று. ஆனாலும் ஆசை தீரவில்லை. என் பாஷையில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நான் திருநெல்வேலிக்காரி. தாமிரபரணி குடித்து வளர்ந்த நாக்கு, எந்த ஊர்த் தண்ணீரைக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்லும். வேதியியல் படித்தேன். ஒரு குடிநீர் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் பியூரெட் என்கிற அளவுக் குழாய் பிடித்தேன். கல்யாணம் ஆயிற்று. கணவருக்கு மொரீஷியஸில் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்தது. ஒரு பிரஷர் குக்கரும் எம்.எஸ்சி. சான்றிதழுமாக விமானம் ஏறினேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தீவு அப்போது தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் திடீர் திடீரென்று ஸ்வெட்டர் தைக்கிற ஆலைகள் முளைத்தன. காலையில் வேன் வேனாகப் பெண்கள் ஆலைக்குப் போனார்கள். கடற்கரையில் நேற்று சவுக்கு மரம் நின்ற இடத்தில் இன்று ஓட்டல் நின்றது. ஆலைக்குத் துணி நனைக்கத் தண்ணீர், ஓட்டலுக்குக் குளிக்கத் தண்ணீர், ஊருக்குக் குடிக்கத் தண்ணீர். அத்தனை தண்ணீரையும் சோதிக்க ஆள் போதவில்லை. அதனால் கிரியோலும் தெரியாத, பிரெஞ்சும் தெரியாத என்னைக்கூட வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் தலைமை வேதியியலாளர் மிஸ்யே வலேதோன், அதாவது வலேதோன் ஐயா. வேலாயுதன்தான், பிரெஞ்சு எழுத்து வழியாக வந்து வலேதோன் ஆகிவிட்டார். அந்த ஊர்த் தமிழர் எல்லாரையும் போல அவருக்கும் வீட்டில் கிரியோல், வேலையில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் கோயிலோடு சரி. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார். பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் முழுப் பாட்டும் பாடுவார். ஆனால் தமிழில் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் அப்படியே நின்றுவிடுவார். அவர் பேசியதை எல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுத முடியும். பாதிச் சிரிப்பு அதிலேயே போய்விடும், என்ன செய்ய.

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தினமும் கழுத்துப்பட்டை, தினமும் ஒரே மூக்குக்கண்ணாடி. காலையில் வந்ததும் மேசையில் வரிசையாகக் கண்ணாடித் தம்ளர்கள் இருக்க வேண்டும். வெவ்வேறு ஊர்க் குழாய்த் தண்ணீர், எது எந்த ஊர் என்று அடியில் ஒட்டியிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒரு வாய் குடித்து, இது பாம்ப்ளமூஸ், இது சவான், இதில் குளோரின் குறைச்சல், அங்கே போன் போடு என்பார். கடைசி வரைக்கும் குடித்து முடிப்பார். ஊருக்கு அனுப்புகிற தண்ணீரை நாம் குடிக்காவிட்டால் அப்புறம் என்ன உத்தியோகம் என்பது அவர் கட்சி.

அவருடைய இன்னொரு வேதம் 'த்ருவா ஃபுவா'. மூன்று முறை. மாதிரி எடுக்கப் போகிறவன் குழாயைத் திறந்துவிட்டு, ஓடவிட்டு, குப்பியை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். பழைய அழுக்கோ சோப்போ ஒட்டியிருந்தால் போய்விடும். எந்த வேதியியல் புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் அவர் அதைச் சடங்காகவே ஆக்கிவைத்திருந்தார். தீவில் தண்ணீர் மாதிரி எடுக்கிற ஆட்கள் அத்தனை பேரும் அவரிடம் அலசக் கற்றவர்கள். ஒருத்தன் இரண்டோடு நிறுத்திவிட்டான் என்று தெரிந்தால் திட்ட மாட்டார். அவன் கொண்டுவந்த தண்ணீரை அவன் கண் முன்னாலேயே தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் குப்பியைக் கையில் கொடுப்பார். அவன் திரும்பி அத்தனை தூரமும் போக வேண்டும்.

அந்தச் சீடர்களில் தலையாயவர் ஜோர்ஜ். ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்க்காரர், எங்கள் வேனுக்கு ஓட்டுநரும் அவர்தான், மாதிரி எடுப்பவரும் அவர்தான். ஊர்ச் சந்தையிலிருந்து வாரம் தவறாமல் எனக்குச் சௌசௌ கொண்டுவருவார். மாதா கோயிலுக்குப் போகிறவர், அதே பக்தியோடு குப்பி அலசுகிறவர்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு ஜி.சி. வந்தது. வாயுக்களைப் பிரித்து அளக்கிற கருவி. காலையில் சூடேற்ற வேண்டும், பதமாகப் பேச வேண்டும், கதவைப் படீரென்று சாத்தினால்கூடக் கோபித்துக்கொண்டு ஓர் எண்ணும் தராது. ஜோர்ஜ் அதற்குப் பெல்மேர் என்று பெயர் வைத்தார். மாமியார் என்று அர்த்தம். மாமியாரைக் கவனிக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சொந்த மாமியார் திருநெல்வேலியில் பத்திரமாக இருக்க, இங்கே ஒரு மாமியாரை நானே திருகித் திருகி இயக்குகிறேன் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். "சத்தமாச் சொல்லாத, அவளுக்கு அங்க காது அரிக்கும்" என்றார் என் கணவர்.

கருவி எதற்கு என்றால் இதற்கு. ஆற்றுத் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் போடுகிறோம். அது இல்லாவிட்டால் வாந்தி, பேதி, டைபாய்டு. ஆனால் அதே தண்ணீரில் இலை, வேர், மண் ஊறிய சாறும் கொஞ்சம் இருக்கும். குளோரின் அந்தச் சாற்றோடு சேர்ந்தால் குளோரோஃபார்மும் அதன் உறவுக்காரச் சரக்குகளும் துளித்துளியாக உண்டாகும். ஒருநாள் இரண்டுநாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் நிறையக் குடித்தால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரலாமோ என்று உலகமெங்கும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வெந்நீரில் நெடுநேரம் குளித்தால் ஆவியோடு மூச்சிலும் போகும். அதனால் குளோரினை விட்டுவிட முடியாது, சரக்கையும் கவனிக்காமல் இருக்க முடியாது. இரண்டையும் ஒரே தராசில் பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கு மாதிரி எடுக்கிற முறையே அலாதி. பழுப்பு நிறச் சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே முன்கூட்டியே ஒரு சிட்டிகை ஹைப்போ போட்டு வைத்திருப்போம், பழைய போட்டோக் கடைகளில் இருக்குமே, அந்த வெள்ளை உப்புதான். தண்ணீர் குப்பிக்குள் விழுந்த உடனே மீந்திருக்கிற குளோரினை அது தீர்த்துவிடும். இல்லாவிட்டால் குப்பிக்குள்ளேயே, வரும் வழியெல்லாம், குளோரின் இலைச்சாற்றோடு சேர்ந்து சேர்ந்து குளோரோஃபார்ம் செய்துகொண்டே இருக்கும். அப்புறம் குப்பியை விளிம்புக்கு மேல் தண்ணீர் பொங்கி நிற்கிற வரை, சலசலக்காமல், மெதுவாக நிரப்ப வேண்டும். மூடியைச் சறுக்கிப் போட்டு இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்ட வேண்டும். கடுகளவு குமிழ் தெரிந்தாலும் கொட்டிவிட்டு வேறு குப்பி எடுக்க வேண்டும், ஏனென்றால் குளோரோஃபார்ம் அந்தக் குமிழுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். கொண்டுவந்ததை நான் ஹெக்ஸேன் என்கிற கரைப்பானில் குலுக்கி, மேலே மிதப்பதில் ஒரு துளியை ஊசியில் எடுத்து மாமியாருக்கு ஊட்டுவேன். காகிதத்தில் பேனா ஒரு மேடு வரையும். மேட்டின் உயரம்தான் குளோரோஃபார்ம்.

ஜோர்ஜுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். குமிழ் கூடாது என்பதை அவர் அப்படிப் பிடித்துக்கொண்டார், சில நாள் கவிழ்த்த குப்பியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்ப்பார். இந்தக் குப்பியை மட்டும் கழுவ வேண்டாம் என்றும் சொன்னேன். "சரி மதாம்" என்று சிரித்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரியோலில் அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஒரு புயல் அடித்தது. ஆறுகள் காப்பி நிறத்தில் வந்தன. வடக்கே சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினைக் கொஞ்சம் கூட்டினார்கள். அது சரியான வேலைதான். புயலுக்குப் பிறகு எல்லாக் கழிவும் ஆற்றுக்குள்தான் வரும். தீவு மெல்ல எழுந்து உட்கார்ந்தபோது, வடக்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றிலிருந்து புகார் வந்தது. தண்ணீரில் மருந்து வாடை, விருந்தாளிகளுக்குக் கண் எரிகிறது. அந்த ஓட்டல் மனேஜர் ஐரோப்பாக்காரர், விவரமானவர். குளோரோஃபார்ம் விஷயம் பத்திரிகையில் படித்திருக்கிறார். சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து, விமானத்தில் தன் ஊருக்கு அனுப்பிச் சோதித்திருக்கிறார். வந்த எண்ணை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன், அவ்வளவு பெரியது.

மனேஜர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு எங்கள் மேலிடத்துக்குப் போனார். சுற்றுலா என்றால் மேலிடம் எழுந்து நிற்கிற காலம் அது. உடனே உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் இந்த எண்ணுக்கு விளக்கம் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் வடக்குக் குழாயில் குளோரினைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

அதே குழாய்தான் ட்ரியோலேக்கும் போகிறது. நீளமான சாலையோர ஊர், சாலை நெடுக வீடும் கடையும். புயலுக்குப் பிந்திய அந்தக் கலங்கல் தண்ணீரில் பாதிக் குளோரின் என்றால், ஓட்டல்காரர்கள் பாட்டில் தண்ணீர் குடித்துக்கொள்வார்கள், ட்ரியோலே குழந்தைகள் என்ன குடிப்பார்கள். மிஸ்யே வலேதோன் அந்த உத்தரவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் வேனில் போகும்போது, யாரும் கேட்காமலே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. தோட்டத்துல நாங்க கால்வாய்த் தண்ணிதான் குடிப்போம். டைபாய்டுல போயிட்டா. தண்ணி பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, மதாம். பளபளன்னு இருந்துச்சு."

அவர் காலையில் அத்தனை தம்ளரையும் ஏன் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வேலையில் இறங்கினோம். ஜோர்ஜ் சுத்திகரிப்பு நிலையம், ட்ரியோலே, ஓட்டல் என்று ஓடி ஓடிக் குப்பிகள் கொண்டுவந்தார். நான் மாமியாருக்கு ஊட்டினேன். வந்த எண்களைப் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும். ட்ரியோலேயில் ஒரே குழாய், காலையில் எடுத்த குப்பியை உடனே போட்டால் சின்ன மேடு, வேனில் கிடந்து மறுநாள் போட்டால் மலை. சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரே நேரத்தில் பிடித்த இரட்டைக் குப்பிகள் இரண்டும் இரண்டு ஜாதி. நான் ஊசியை மாற்றினேன், ஹெக்ஸேனை மாற்றினேன், மாமியாரை வாய்விட்டுத் திட்டினேன். இந்த எண்களை வெள்ளிக்கிழமை மேசையில் வைத்தால் நாங்கள் அளக்கத் தெரியாதவர்கள் என்றாகும், ஓட்டல்காரரின் எண்தான் வேதவாக்கு ஆகும். மிஸ்யே வலேதோன் என் தோளுக்குப் பின்னால் நின்று பேனாவைப் பார்த்துவிட்டுத் தன் தம்ளர்களிடம் திரும்பிப் போய்விடுவார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நானும் வேனில் ஏறினேன். ட்ரியோலே சாலையோரத்தில் பொதுக் குழாய், பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். ஜோர்ஜ் மரியாதையாக வணக்கம் சொல்லி இடம் கேட்டார். குழாயைத் திறந்தார். ஓடவிட்டார். பழுப்புக் குப்பியின் மூடியைத் திருகினார். நான் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தண்ணீர் பிடித்தார், சுழற்றினார், கொட்டினார். மறுபடி பிடித்தார், சுழற்றினார், கொட்டினார். மூன்றாவது முறையும். அப்புறம் ஒரு குமிழ்கூட இல்லாமல், கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற நிதானத்தில் நிரப்பி மூடி, கவிழ்த்து, தட்டி, வெயிலில் காட்டி, பெருமையாக என்னிடம் நீட்டினார்.

ஹைப்போ முழுவதும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

"ஜோர்ஜ், கழுவ வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க மதாம். பாவம், எனக்கு வேலை மிச்சமாகட்டும்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். ஆனா மிஸ்யேவுக்குத் தெரிஞ்சா தண்ணிய ஊத்திடுவாரு." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அதோட நீங்க தர்ற குப்பி அவ்வளவு சுத்தம் இல்ல மதாம். உள்ள வெள்ளையாத் தூசி கெடக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல. ஒவ்வொண்ணையும் நல்லா அலசி எடுத்துட்டேன்."

சேலையோடு அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து முந்தானையால் விசிறினாள். என் மானத்தைக் காப்பாற்ற இத்தனை நாளும் அந்த மனுஷர் என் குப்பிகளைச் சுத்தம் செய்துவந்திருக்கிறார். கோபம் எப்படி வரும். ஹைப்போ என்ன செய்யும் என்று அங்கேயே உட்கார்ந்தபடி அவருக்குச் சொன்னேன். புரிந்ததும் அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "அயோ மதாம்" என்றார். அந்த 'அயோ' ஒன்று மட்டும் எங்கள் இருவர் பாஷைக்கும் பொது.

இதை மிஸ்யேவிடம் சொல்ல வேண்டுமே என்பது அடுத்த பிரச்சினை. அவருடைய மூன்று முறைதான் எங்கள் எண்ணைக் கெடுத்தது என்று அவரிடம் யார் சொல்வது. ஜோர்ஜ் வேனிலேயே இருந்துகொண்டார். நான்தான் போய்ச் சொன்னேன். கேட்டார். எழுந்து உள்ளே போனார். தெருவில் வால்வு மூடிக்கு அடையாளம் போடுகிற சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு குச்சித் தூரிகையுமாகத் திரும்பி வந்தார். என் மேசையில் புதுக் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, கழுத்துப்பட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே எழுதினார். பா லவே. பா லவே. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கிற்று. அழுகிறாரோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு, எழுத்தெல்லாம் அதனால்தான் கோணல். தீவு முழுக்கக் கழுவச் சொன்ன மனுஷர்தான் அம்மா, போனில் நீ கேட்ட அந்த அழுக்கு மனுஷன்.

அப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. சிவப்பெழுத்துக் குப்பிகளில் எடுத்ததும் எண்கள் அடங்கி உட்கார்ந்தன. இரட்டைக் குப்பிகள் இரட்டைக் குழந்தைகள் மாதிரி ஒத்துப்போயின. நிலையத்தில் மேடு சிறியது. ட்ரியோலேயில் அதைவிடக் கொஞ்சம் கூட. பயப்பட ஒன்றுமில்லை. ஓட்டல் வாசலில் எங்கள் மீட்டர் இருக்கும் இடத்துக் குழாயிலும் ட்ரியோலேயின் அதே மேடுதான். ஓட்டல் சமையலறைக் குழாய்த் துளியை ஊட்டினேன். பேனா ஏறியது, ஏறியது, காகிதத்தை விட்டு வெளியே போய் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நான் எழுந்து கைதட்டினேன். மிஸ்யே முறைத்தார். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில்தான் என்னவோ இருக்கிறது என்றேன். "போய்ப் பார்ப்போம்" என்று அவர் தொப்பியை எடுத்தார்.

மனேஜர் எங்களை நன்றாகவே வரவேற்றார். கெட்ட மனுஷர் இல்லை, விருந்தாளிகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்கிற பயம்தான் அவருக்கு. மீட்டரிலிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று மிஸ்யே கேட்டார். சமையலறைக்குப் பின்னால் உயரத்தில் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் ஏறி எல்லாக் குழாய்க்கும் இறங்குகிறது என்று சொல்லிவிட்டு, அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெருமையாக ஒன்றும் சொன்னார். புயலுக்குப் பிறகு வீட்டுத் தொட்டிகளில் நாலு சொட்டு ஜாவெல், அதாவது துணி வெளுக்கிற குளோரின் திரவம், விடச் சொல்லி வானொலியில் அறிவித்தார்களாம். ஓட்டல் என்றால் நாலு சொட்டு போதுமா, அதனால் நீச்சல்குளத்துக்குப் போடுகிற குளோரின் குருணையிலேயே தாராளமாகப் போட ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

நானும் மிஸ்யேவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

தொட்டியின் தகர மூடியைப் புயல் கொண்டுபோயிருந்தது. மேலே கவிந்து ஒரு நாட்டு வாதுமை மரம். சிவந்த இலையும் காய்ந்த இலையுமாகத் தொட்டி முழுக்க மிதந்தன. அடியில் ஊறியவை கறுத்து மெத்தையாகக் கிடந்தன. தண்ணீர் நல்ல டிகாஷன் நிறம். நடுவில் ஒரு கயிற்றில் குளோரின் குருணைப் பை தொங்கிக்கொண்டிருந்தது, டீத்தூள் பை தொங்குவது போல. மேலே மொரீஷியஸ் வெயில். இலைச்சாறு, குளோரின், வெயில். குளோரோஃபார்ம் ஆலை ஒன்று கட்டச் சொன்னால் என் படிப்புக்கு இதைவிட நன்றாக எனக்குக் கட்டத் தெரியாது. அந்தத் தண்ணீரில் விருந்தாளிகள் வெந்நீர்க் குளியல் வேறு.

ஜோர்ஜ் ஒரு தம்ளர் மொண்டு மிஸ்யேவிடம் கொடுத்தார். அவர் கண்ணை மூடி முகர்ந்தார். வாயருகே கொண்டுபோனார். அப்புறம் கையை நீட்டி மெதுவாகக் கீழே ஊற்றிவிட்டார். அவர் ஒரு தண்ணீரைக் குடிக்காமல் விட்டதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

மனேஜர் ஏணியில் பாதி வரை ஏறி எட்டிப் பார்த்தார். அவர் தன் ஊருக்கு அனுப்பிய பாட்டிலிலும் ஹைப்போ இல்லை, அது விமானத்திலும் வெயிலிலும் பயணம் செய்து இன்னும் பருத்திருக்கும் என்று நான் சொன்னபோது ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். தொட்டியைக் காலி பண்ணுங்கள், தேயுங்கள், மூடி போடுங்கள், குழாயில் வருவதை நிரப்புங்கள், வேறொன்றும் போடாதீர்கள் என்றார் மிஸ்யே. "தாராளம் வேண்டாம்" என்று மட்டும் கூடுதலாகச் சொன்னார். மனேஜர் எங்கள் மூவருக்கும் காப்பி கொடுத்தார். எந்தத் தண்ணீரில் போட்டது என்று நினைத்து ஒருத்தரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மிஸ்யே என்னையும் அழைத்துப் போனார். காகிதத்தில் வரைந்த மேடுகளை மேசையில் விரித்தார். வாசல் இது, சமையலறை இது. யாரையும் குறை சொல்லவில்லை. ஓட்டல் தொட்டியில் மூடி இல்லை, எங்கள் குப்பியில் மருந்து இல்லை, இரண்டும் சரியாகிவிட்டன என்றார். கூடவே இன்னொன்றும் அவராகவே சொன்னார். நிலையத்தில் ஆற்றுத் தண்ணீர் நுழைந்த உடனே போடுகிற முதல் குளோரினை இனி வடிகட்டிய பிறகு போடலாம், இலைச்சாறு முதலில் மணலில் தங்கிவிடும், குளோரோஃபார்ம் குறையும், ஆனால் குழாயில் போகிற குளோரினில் ஒரு சொட்டுக் குறைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மேலதிகாரி மேடுகளை வெகுநேரம் பார்த்தார். பாதியாக்குகிற உத்தரவை ரத்து செய்தார். அதற்குள் மனேஜரே தொட்டி விஷயத்தைப் போன் போட்டுச் சொல்லியிருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வெளியே வந்ததும் மிஸ்யே ஆய்வுக்கூடத்துக்குப் போகச் சொல்லவில்லை. ட்ரியோலேக்கு ஓட்டு என்றார்.

அதே பொதுக் குழாய், அதே மாதிரி வரிசை. மிஸ்யே கழுத்துப்பட்டையோடு வேனிலிருந்து இறங்கி, சோதனைக்குழாயில் தண்ணீர் பிடித்தார். நான் வெள்ளை மாத்திரையைப் போட்டேன். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். ஆயிரம் தடவை பார்த்த சோதனை, ஆனாலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மாத்திரை கரைந்தது. அடியிலிருந்து ரோஜா நிறம் சுருள் சுருளாக ஏறிக் குழாய் முழுக்கப் பரவியது.

அவர் அதை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிரியோலில் வரவில்லை, பிரெஞ்சில் வரவில்லை. காவடி எடுக்கிறபோது வருகிற அந்தக் கோயில் தமிழ்தான் வந்தது. "அரோகரா" என்றார், அடிவயிற்றிலிருந்து, சாலை முழுக்கக் கேட்கிற குரலில். நானும் அரோகரா போட்டேன். மாதா கோயில் ஜோர்ஜ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்களைவிடச் சத்தமாகப் போட்டார். சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வரிசையில் முதலாவதாக நின்ற பெண், இடுப்பில் வாளியும் கையில் ஒரு சின்ன மகளுமாக, எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். ஆலையிலிருந்து திரும்பியவள், சேலை முழுக்கக் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. காவடிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, என்ன விசேஷம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மதாம்" என்றார் மிஸ்யே வலேதோன். "தண்ணி நேத்து மாதிரியேதான் இருக்கு."

"அதுக்கா இந்தக் கூத்து" என்றாள் அவள்.

சின்னப் பெண் அதற்குள் குனிந்து, இரண்டு உள்ளங்கையிலும் தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள். அவள் குடித்து முடித்து வாயைத் துடைக்கிற வரை மிஸ்யே அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் அம்மா எங்களை ஒதுங்கச் சொல்லி வாளியைக் குழாயடியில் வைத்தாள். கொஞ்சம் பிடித்துச் சுழற்றிச் சாலையில் கொட்டினாள். மறுபடி பிடித்துக் கொட்டினாள். மூன்றாவது முறையும் அலசி ஊற்றிவிட்டு, வாளி நிறையப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எங்களில் ஒருவரும் தடுக்கவில்லை.